ஏழாம் பக்கத்துப் பென்சில்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
வாடகைக்குப் புத்தகம் தரும் கடையில்
மாதம் ஒரு கோகிலா தாமஸ் எடுப்பேன்.
பனிமலை என்றொரு ஊர்,
அங்கே அவளுக்கு ஒரு பேக்கரி.
பன்னிரண்டாம் பக்கத்தில் பிணம்,
தொண்ணூற்றாறில் கைது,
பின்னட்டையின் உள்பக்கம் ஒரு கேக் செய்முறை.

எனக்கு முன்னால் யாரோ வாசிக்கிறார்கள்.
ஏழாம் பக்க ஓரத்தில் பென்சிலால்
'கொன்றது பல் டாக்டர்' என்று எழுதிவிடுகிறார்கள்.
முதல் தடவை எரிச்சல்.
பிறகு அதைப் பார்த்துவிட்டே தொடங்கப் பழகினேன்.
பல் டாக்டர் வருகிறார், பன் வாங்குகிறார்,
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கிறார்.
எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.
அதில் ஒரு தனிச் சுகம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
ரொட்டி மாவு பொங்குகிற முக்கால் மணி நேரம்
மைதா சாக்கின் மேல் உட்கார்ந்து வாசிக்க
இதைவிடத் தோதான புத்தகம் இல்லை.
பூனைக்கு ஒன்றும் ஆகாது.
மழை பெய்யும், கோகிலாவின் ஸ்வெட்டர் நனையாது.
இன்ஸ்பெக்டர் ரெண்டு பிஸ்கட் தின்றுவிட்டு
ஃபைலையே எடுத்து நீட்டுவார்.

அடுப்புக்கார விஜின் தட்டைத் தள்ளிக்கொண்டே கேட்பான்:
"அக்கா, இன்னைக்கு ஆரு செத்தது?"
"வட்டிக்காரன்."
"கொள்ளாம். கொன்னது?"
"பேத்தி மாப்பிள்ளை."
"கேக்கு?"
"ஆரஞ்சு."

பங்குனியில்
விஜின் குழித்துறை ஆற்றில் கிடந்தான்.
குளிக்கப் போனவன் வழுக்கியிருப்பான் என்றார்கள்.
நீச்சல் தெரிந்தவன் என்றேன்.
தெரிந்தவன்தானே ஆழத்துக்குப் போவான்
என்றார் முதலாளி.
அதுவும் சரியாகத்தான் இருந்தது.

பில் புத்தகத்தின் பின்பக்கம்
கோகிலா எழுதுவதுபோல் பெயர்களை எழுதினேன்.
ரெண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்த முதலாளி.
கைமாற்று வாங்கிய டெம்போ சுனில்ராஜ்.
காஞ்சிரகோட்டுப் பெண்ணின் அண்ணன்.
அப்புறம் என் பெயர்:
அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக் கேட்டவள் நான்.
அடக்க ஆராதனைக்கு நாலு பேரும் போயிருந்தோம்.
நாலு பேரும் அழுதோம்.
இதை வைத்து என்ன துப்புத் துலக்குவது?

அந்தப் பென்சில் அவனோ என்றுகூடப் பார்த்தேன்.
மாவுக் கணக்கு நோட்டில் அவன் எழுதும் றகரத்துக்கு
நீண்ட வால்.
புத்தகத்தில் வால் இல்லை.
நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

பனிமலையில் செத்தவனுக்கு அம்மா கிடையாது.
நாற்பது புத்தகம் வாசித்திருக்கிறேன்,
ஒருத்தனுக்கும் இல்லை.
வட்டிக்காரன், கோள்சொல்லி,
வாரம் ஒரு உயில் எழுதும் கிழவன்,
போனால் போகட்டும் என்கிற ஆட்களாகப் பார்த்துச் சாகிறார்கள்.
பதின்மூன்றாம் பக்கத்தில் எல்லோருக்கும் பசிக்கிறது.

விஜினின் அம்மா றோஸ்லெட்
நான் கொண்டுபோன ரொட்டியை
மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"இது அவன் சுட்டதா மக்ளே?"
அவனைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.
ரொட்டி இன்னும் லேசாகச் சூடாக இருந்தது.
ஆமா என்றேன்.

அடுத்த மாதமும் எடுத்தேன்.
ஏழாம் பக்கத்தில் 'கொன்றது தபால்காரர்'.
எழுதுகிறவர் சுகமாகத்தான் இருக்கிறார்.
ஒரே இருப்பில் முடித்தேன்.
கூச்சமாக இருந்தது.
தபால்காரர் மாட்டிக்கொண்டபோது
நிம்மதியாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

செய்முறையில்தான் கண் நின்றது.
கால் கிலோ மாவுக்கு
மூன்று கரண்டி சோடா.
நாக்கில் வைக்க முடியாது, கசக்கும்.
இத்தனை பேர் கைமாறிய புத்தகத்தை
ஒருத்தரும் சுட்டுப் பார்க்கவில்லை.

பென்சில் தேடி எடுத்து, 'மூன்று' என்பதை அடித்து
'அரை' என்று எழுதினேன்.
புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது
ஒரு நாள் தாமதம் என்றார் கடைக்காரர்.
ரெண்டு ரூபாய்.